எதிர்வீட்டுக் கரும்பலகையைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. அந்த வீட்டில் நான் சொல்லலாமா, கூடாதா?

கேள்வி கேட்டவர்: பாம்பன் தையல்கடை

எங்கள் ஊர் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையில், வடகடல் ஓரத்தில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் அந்த வீடு எது என்று தெரிந்துவிடும் என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் தையல்கடைக்கு நேர் எதிரே ஒரு பெந்தெகொஸ்தே குடும்பம் இருக்கிறது. ஊரில் மற்றவர்கள் எல்லோரும் கத்தோலிக்கர், நானும் அப்படித்தான். அந்த வீட்டு அண்ணன் நாட்டுப்படகில் நண்டுவலை போடுகிறவர். அக்கா முன்பு தென்கடல் பக்கம் பாசி எடுக்கப் போவார். மூட்டுவலி வந்தபிறகு திண்ணையில் உட்கார்ந்து வலை தைக்கிறார். இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், இளையவள் ஏழாம் வகுப்பு.

கட்டுப்பாடான வீடு. தொலைக்காட்சி கிடையாது, சினிமா கிடையாது. பெண்கள் பூ வைப்பதில்லை, காதில் கழுத்தில் ஒன்றும் போடுவதில்லை. அதிகாலை நான்கு மணிக்கு அந்த வீட்டில் ஜெபச் சத்தம் கேட்கும். நான் விளக்குப் போட்டு வேலை தொடங்குவதும் அதைக் கேட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தொழிலுக்குப் போகமாட்டார். இங்கே விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வைத்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். நாட்டுப்படகின் அந்த நான்கு நாளில் ஞாயிறும் ஒன்று. அதையும் விட்டுவிட்டுத்தான் அவர் குடும்பம் நடத்துகிறார்.

வீட்டு வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறார். மேலே ஒரு வேத வசனம். அதன் கீழே அன்றைய வீட்டுச் செய்தி. சாயங்காலம் வலையை அலசிப் போட்டுவிட்டு வந்து அவரே சுண்ணக்கட்டியால் எழுதுவார். நான் படித்தவற்றில் சில:

“வாடை பலம். கடலுக்குப் போகவில்லை. இளையவள் கஞ்சிக்கு இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டாள். எல்லோரும் குடித்தோம். ஸ்தோத்திரம்.”

“நண்டு மூன்று கிலோ. வலையில் நான்கு இடத்தில் கிழிசல். அம்மா இரவுக்குள் தைத்து முடித்தாள்.”

“ஆட்டுக்குட்டியைக் காணவில்லை. ஜெபித்தோம். பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் நின்றது. கர்த்தர் நல்லவர்.”

“குழாயில் காவிரித் தண்ணீர் வந்தது. எட்டுக் குடம். பக்கத்து வீட்டுக்கு இரண்டு.”

“மூத்தவளுக்கு வேதியியலில் 71. பிரயாசப்பட்டாள்.”

இளையவள், மூத்தவள் என்று நான் எழுதிய இடங்களில் பலகையில் பிள்ளைகளின் பெயரே இருக்கும். எதற்காக இப்படி எழுதுகிறீர்கள் என்று ஒருமுறை அண்ணனிடம் கேட்டேன். ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் ஆளுக்கு ஓரிரு நிமிடம்தான் கிடைக்கிறதாம். “ஏழு நாளும் அவர் செய்ததை ஒரு நிமிடத்தில் எப்படியம்மா சொல்வது? விட்டுப்போனதை இங்கே எழுதிவிடுகிறேன்” என்றார். ஆட்டுக்குட்டி கிடைத்ததும் குழாயில் தண்ணீர் வந்ததும் அவருக்கு ஒரே கை கொடுத்தவை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆனால் சிரிக்கிறார்கள். காலையில் டீக்கடைக்கு வரும் பையன்கள் பலகையைப் படம் எடுத்துத் தங்கள் குழுவில் போடுகிறார்கள். செய்தி வாசிக்கிறவர் குரலில் படித்துப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். “ஸ்தோத்திரச் செய்திகள்” என்று பெயரும் வைத்தாகிவிட்டது. கோயில் திருவிழாவில் இரவு நிகழ்ச்சிக்கு நடுவே இரண்டு பையன்கள் மேடையேறி அந்த உப்புக் கஞ்சிச் செய்தியை வாசித்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் கூட்டம் “ஸ்தோத்திரம்” என்று கத்தியது. பெரியவர்களும் சிரித்தார்கள். சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள்கூட முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தார்கள். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

அதன்பிறகு பள்ளிக்கூடத்தில் இளையவளுக்கு “உப்பு” என்றே பெயராகிவிட்டது. சீருடையின் கைப்பகுதியைத் தளர்த்தித் தைக்கக் கொண்டுவந்தவள், தலையைக் குனிந்துகொண்டு, “அத்தை, பலகையில் என் பெயரை எழுத வேண்டாம் என்று நீங்கள் அப்பாவிடம் சொல்கிறீர்களா? ஏன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்” என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

அந்தப் பையன்களில் ஒருவன் என் அக்காள் மகன். அவனைக் கூப்பிட்டு என்ன சொல்வது? அண்ணனிடம் உண்மையைச் சொன்னால் அவர் பலகையை எடுத்துவிடுவாரோ, அல்லது “உலகம் இப்படித்தான்” என்று பிள்ளைகளை இன்னும் உள்ளே இழுத்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது. மூத்தவளுக்கு நர்சிங் படிக்க ஆசை. அண்ணன் இப்போதுதான் பாதி மனதாக இருக்கிறார். சொல்லாமல் இருந்தால் அந்தச் சின்னப்பிள்ளை தனியாகவே சுமக்க வேண்டும். இப்படி ஒரு வீட்டைத் தெரிந்தவர்கள், இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

பதில்: கீழக்கரை

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு என் உம்மாதான் நினைவுக்கு வந்தார்கள். வெளியூர் விடுதியில் தங்கிப் படித்தபோது தினமும் போன் செய்வார்கள். சுபுஹு தொழுதாயா, முட்டை சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா, குர்ஆன் ஓதினாயா, வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது. எல்லாம் ஒரே மூச்சில் வரும். கூடத் தங்கியிருந்தவர்கள் அதைக் கேட்டு மனப்பாடமாகவே சொல்லிக்காட்டுவார்கள். எனக்கு உம்மாவின் போனை எடுக்கவே கூச்சமாகிவிட்டது. நான்கு பேர் நடுவில் எடுக்காமல் வராந்தாவுக்கு ஓடுவேன். உம்மாவுக்கு அது தெரிந்திருந்தால் எப்படித் துடித்திருப்பார்கள்!

அதை நிறுத்தியது வார்டனும் இல்லை, என் கோபமும் இல்லை. அறையில் ஒருவன், பரமக்குடிக்காரன், ஒருநாள் சிரிப்பதை நிறுத்திவிட்டான். அவ்வளவுதான். மற்றவர்கள் சொல்லிக்காட்டும்போது அவன் பாட்டுக்குப் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பான். கேட்க ஆள் குறைந்ததும் அந்த விளையாட்டு செத்துவிட்டது.

உங்கள் அக்காள் மகனிடம் மன்னிப்புக் கேள் என்று இப்போது சொல்லாதீர்கள். இனி படம் எடுக்காதே, வந்த படத்தை யாருக்கும் அனுப்பாதே, அவர்கள் வாசிக்கும்போது அங்கே நிற்காதே. இந்த மூன்றும் போதும். பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள். பையன்களுக்கு அது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பதில்: மண்டபம் விசைப்படகு

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். பலகையை வீட்டுக்குள் மாட்டியிருந்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? தெருவைப் பார்த்து எழுதினால் தெருவில் போகிறவன் படிக்கத்தான் செய்வான், சிரிப்பு வந்தால் சிரிக்கத்தான் செய்வான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் குடும்பங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுப்பதில்லை. நேர்ச்சைச் சோற்றை வாங்குவதில்லை. நாம் மாதா கொடி ஏற்றினால் விக்கிரகம் என்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தபோது, செபமாலை சொல்லும் இடத்தில் நிற்கமாட்டேன் என்று சொந்தத் தம்பியே தெருமுனையில் நின்றான். அந்தக் காயம் எங்களுக்கும் இருக்கிறது. வருடம் முழுவதும் நம்மைப் பாவி என்று பார்க்கிறவர்களைப் பார்த்து ஒருநாள் மேடையில் சிரித்தால் அதைப் பெரிய குற்றமாகச் சொல்ல என்னால் முடியாது.

ஆனால் சின்னப்பிள்ளை பெயரை மேடையில் சொன்னது தவறு. அதை ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் அந்த வயதில் மகள் இருக்கிறாள்.

பதில்: பாம்பன் தையல்கடை

மண்டபம் அண்ணனுக்கு. உங்கள் காயத்தை நான் மறுக்கவில்லை. சாவு வீட்டில் தம்பி வெளியே நின்றது யாருக்கும் தாங்காது. திருவிழா வரி விஷயத்தில் எனக்கும் அந்த வீட்டோடு வருத்தம் உண்டு. அதை அண்ணனிடம் நேருக்கு நேராகவே கேட்டும் இருக்கிறேன். அவரும் உட்கார்ந்து பதில் சொன்னார். நான் ஏற்கவில்லை, அவரும் மாறவில்லை. அதன்பிறகும் அக்கா எனக்கு நண்டு கொடுத்தனுப்பினார்.

மேடையில் அந்த வரியையோ விக்கிரகப் பேச்சையோ யாராவது கேட்டிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். அங்கே வாசித்தது ஒரு பிள்ளை கஞ்சிக்கு உப்புப் போட்டதை. அதற்கும் நம் காயத்துக்கும் என்ன சம்பந்தம்? ஓரியூருக்குப் போய்ப் புனிதர் அருளானந்தர் வெட்டுண்ட இடத்துச் சிவப்பு மண்ணை முடிந்துகொண்டு வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் பூசுகிறவள் நான். 1693இல் அங்கே சிந்திய இரத்தத்தால்தான் அந்த மண் சிவந்தது என்று என் அம்மா சொல்லிக்கொடுத்தார், நானும் நம்புகிறேன். அதை ஒருவர் படம் எடுத்துப் போட்டுச் சிரித்தால் நான் எவ்வளவு நொந்துபோவேன்! அந்த அண்ணன் அதை ஒத்துக்கொள்ளமாட்டார். ஆனால் என் கடை வாசலில் நின்று சிரித்ததில்லை.

பதில்: மதுரை செவிலியர்

நான் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள். சாயல்குடிக்குக் கிழக்கே, கடற்கரை ஊர். என் அப்பா சபை மூப்பர். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக் கட்டுப்பாடு எல்லாம் அழகு என்று யாரும் எண்ண வேண்டாம். எனக்கு வலித்தது. பள்ளி ஆண்டுவிழா நடனத்தில் சேர விடவில்லை. தோழி கல்யாணத்துக்குப் போனால் வாசலோடு திரும்ப வேண்டும். மழைக்காலத்தில் நான்கு மணிக்கு எழுப்பி முழங்காலில் நிறுத்துவார்கள், தூக்கத்தில் சாய்ந்தால் அம்மா தொடையில் கிள்ளுவார். இதையெல்லாம் நான் அப்பாவிடம் பின்னாளில் சண்டை போட்டுக் கேட்டிருக்கிறேன். கேட்க வேண்டியவைதான்.

ஆனால் வகுப்பில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாரும் இவற்றைப் பற்றிச் சிரிக்கவில்லை. என் எண்ணெய் வழித்த தலையையும், வெறும் காதையும், சாப்பிடுமுன் நான் கண்ணை மூடுவதையும் பார்த்துச் சிரித்தார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது “ஆமென்” என்று ஒரே குரலில் சொல்வார்கள். அதனால் என் வீட்டுக் கதவு ஓர் அங்குலம்கூடத் திறக்கவில்லை. நடந்தது நேர்மாறு. நான் அழுதுகொண்டு வந்த அன்று அப்பா சொன்னார்: “பார்த்தாயா, உலகம் நம்மைப் பகைக்கும் என்று வேதத்தில் சொல்லியிருக்கிறதே.” அவர் சொல்லிவந்ததற்கெல்லாம் அந்தப் பிள்ளைகளே சாட்சியாகிவிட்டார்கள். அடுத்த வாரம் மாலை வகுப்பு நின்றது. என்னை மதித்துப் பேச ஒரு டீச்சர் வீட்டுக்கு வந்தபோதுதான் அது திரும்பவும் தொடங்கியது. அந்த டீச்சர் இந்து. எங்கள் வீட்டில் பாயில் உட்கார்ந்து, அப்பா ஜெபம் செய்து முடிக்கும்வரை காத்திருந்து, அதன்பிறகு என் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசினார்.

அதனால் அண்ணனிடம் நேராகப் போகாதீர்கள். அக்காவிடம் போங்கள். அந்த வீடுகளில் சத்தமாக ஜெபிப்பவர் அப்பா, ஆனால் எது நடக்கும் எது நடக்காது என்பது அடுப்படியில் தீர்மானமாகும். இளையவள் “ஏன் என்று சொல்லிவிடாதீர்கள்” என்று கேட்டிருக்கிறாள். அவளிடம் முதலில் கேட்டுவிட்டு, “அம்மாவிடம் மட்டும் சொல்லட்டுமா?” என்று அவள் தலையசைத்தபிறகு சொல்லுங்கள். அவளுக்குத் தெரியாமல் பெரியவர்கள் பேசி முடித்தால், மேடையில் பட்டதுபோல இன்னொரு முறை படுவாள்.

அடுத்தது மூத்தவள். அந்தப் பலகைச் செய்திகளைப் படித்தபோது நான் வேலை செய்யும் வார்டுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வேலையில் பாதி இப்படி எழுதுவதுதான். எத்தனை மணிக்கு எத்தனை மில்லி குடித்தார், சிறுநீர் எவ்வளவு, காய்ச்சல் எவ்வளவு, புண்ணில் கட்டு மாற்றியது எப்போது, இரவு தூங்கினாரா. சின்ன விஷயம் என்று ஒன்றை எழுதாமல் விட்டால் அடுத்த பணிக்கு வருகிறவள் தடுமாறுவாள், நோயாளி படுவார். “எட்டுக் குடம், பக்கத்து வீட்டுக்கு இரண்டு” என்று எழுதுகிற வீட்டிலிருந்து வரும் பெண்ணுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அண்ணன் கவலைப்படும் இன்னொன்றும் இருக்கும். வார்டில் வளையல் கூடாது, மோதிரம் கூடாது, தலையில் பூ கூடாது, முடியை இறுக்கிக் கட்ட வேண்டும். கிருமி பரவக்கூடாது என்பதற்காக. காரணம் வேறாக இருந்தாலும் அவர் மகள் இதுவரை இருந்தபடியே அங்கேயும் இருக்கலாம். என் அப்பாவை அசைத்தது இந்த ஒரு பேச்சுதான்.

அவளுடைய பிளஸ் டூ பாடப்பிரிவு என்ன என்று எழுதுங்கள். உயிரியல் இருந்தால் மற்றதை நான் சொல்கிறேன்.

பதில்: தொண்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

சிரிப்பதா கூடாதா என்பதை மற்றவர்கள் பேசிவிட்டார்கள். நான் அந்தப் பலகையைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

வரலாறு கற்பித்தவன் நான். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அதில் சண்டையும் அரசியலும் இருக்கின்றன. இன்ன கப்பல் இன்று வந்தது, வீட்டில் இன்ன விசேஷம் நடந்தது என்பவையும் இருக்கின்றன. அரசியலை அறியப் பிரெஞ்சுக்காரர்களின் கடிதங்கள் இருக்கின்றன. அந்தக் காலத்துத் தமிழர் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போனது என்பதற்கு அவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

நம் கரையில் அப்படி எழுதியவர் யார்? 1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி போனது. கடல் கொண்ட ரயிலைப் பற்றிப் பேசுகிறோம், இடிந்த கோயிலையும் நிலையத்தையும் படம் எடுக்கிறோம். அதற்கு முந்தைய வாரம் அங்கே ஒரு வீட்டில் என்ன சமைத்தார்கள், என்ன மீன் பட்டது, குடிக்கத் தண்ணீர் எங்கே எடுத்தார்கள்? என் பெரியம்மா வாழ்ந்தது அங்கேதான். அவர் சொன்ன சிலவற்றைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. அவரும் போய்விட்டார்.

அண்ணன் “வாடை பலம்” என்று தேதியோடு எழுதுகிறார். வாடை அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். கச்சான் என்கிற மேல்காற்று வந்தால் மாறிவிடும். படகை எந்த நாளில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள், எந்த வாரத்தில் நண்டு குறைந்தது, எந்த நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு தொழிலாளியே எழுதிவைத்தது எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த நாள்களில் நாட்டுப்படகுக்காரருக்கு என்ன கிடைத்தது என்பதைத் தெரிந்துகொள்ள அந்தப் பலகையைப் படித்தாலே போதும்.

ஆனால் மறுநாள் அழித்துவிடுவாரே! அம்மா, உங்கள் கடை எதிரேதான் இருக்கிறது. அண்ணன் சம்மதித்தால், பிள்ளைகளின் பெயரை விட்டுவிட்டு, அவர் எழுதுவதை ஒரு நோட்டில் படியெடுத்து வையுங்கள். அந்தப் பையன்களின் போனில் இருக்கும் படங்களையும் அழிக்கச் சொல்லுமுன் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். சிரிக்க எடுத்ததாக இருந்தாலும் தேதி வாரியாக அவர்களிடம்தான் இருக்கிறது.

பதில்: பாம்பன் தையல்கடை

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

அக்காள் மகனிடம் கீழக்கரைத் தம்பி சொன்ன மூன்றையும் சொன்னேன். “எல்லோரும்தானே செய்கிறார்கள் சித்தி” என்றான். “உப்பு” என்ற பெயரைச் சொன்னதும் பேசவில்லை. குழுவிலிருந்து விலகிவிட்டதாகக் காட்டினான். மற்ற பையன்கள் விடவில்லை, நேற்றும் ஒருவன் படம் எடுத்தான். படங்களின் பிரதியை வாங்கிவிட்டேன் ஐயா. வசனம் உட்பட எல்லாம் தெளிவாக இருக்கிறது.

இளையவளிடம் கேட்டுவிட்டு அக்காவிடம் போனேன். எப்படித் தொடங்குவது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது அக்காவே, “பலகையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அதுதானே?” என்று கேட்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணனுக்கும் தெரிந்திருக்கிறது! திருவிழாவில் வாசித்ததை மறுநாளே யாரோ சொல்லிவிட்டார்களாம். அண்ணன் அக்காவிடம், “படம் எடுக்கிறவன் மேலே இருக்கும் வசனத்தையும் சேர்த்துத்தானே எடுக்கிறான். நான் போகாத வீட்டுக்கெல்லாம் அது போகிறது” என்றாராம். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நடப்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொன்னபோது அக்கா கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டார். அன்று மாலை அண்ணன் பலகையில் வசனத்தைத் தவிர ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் காற்றையும் மீனையும் எழுதினார். அதற்கடுத்த நாளிலிருந்து வீட்டுச் செய்தி திரும்ப வந்துவிட்டது, ஆனால் பிள்ளைகளின் பெயரோ அவர்களைப் பற்றிய சேதியோ இல்லை. தன்னைப் பற்றியும் ஆட்டைப் பற்றியும்தான் எழுதுகிறார். பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் இன்னும் போகவில்லை. வகுப்பு ஆசிரியையிடம் பேச அக்காவோடு நானும் திங்கட்கிழமை போகிறேன். மண்டபம் அண்ணனுக்கு ஒன்று: மேடை நிகழ்ச்சியில் பிள்ளைகளின் பெயரைச் சொல்லக்கூடாது என்று எங்கள் பங்கில் கேட்கப்போகிறேன். உங்கள் ஊரிலும் நீங்கள் கேட்டால் நன்றாக இருக்கும்.

செவிலியர் தங்கைக்கு: மூத்தவள் உயிரியல் எடுத்துத்தான் படித்தாள். வளையல், பூ பற்றி நீங்கள் எழுதியதை அக்காவிடம் அப்படியே படித்துக்காட்டினேன். அவர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் மறுக்கவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: விடுதியில் தங்கினால் ஞாயிறு ஆராதனைக்கு விடுவார்களா?

பதில்: மதுரை செவிலியர்

நான் படித்த விடுதியில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காலையில் போய் மதியத்துக்குள் திரும்ப அனுமதி இருந்தது. விடுதிக்கு விடுதி நேரம் மாறும். சேர்க்கைக்குப் போகும்போது அண்ணனே காப்பாளரிடம் கேட்கட்டும், அவர் காதால் கேட்டால்தான் நம்புவார்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வார்டுப் பணி தொடங்கியபிறகு சில ஞாயிறுகளில் வேலை வரும், தப்பிக்க முடியாது. நான் அந்த வாரங்களில் மாலை ஆராதனைக்குப் போனேன். அது இல்லாத வாரங்களில் இரவுப் பணி முடித்த தோழிகளோடு அறையிலேயே ஜெபித்தோம். அப்பா முதலில் கோபப்பட்டார். நோயாளி ஞாயிற்றுக்கிழமையும் நோயாளிதானே என்று அம்மா சொன்னபிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சேர்ந்தபிறகு இது தெரிந்தால் பாதியில் நிறுத்திவிடுவார். அதனால் இப்போதே சொல்லி, அதற்கும் சேர்த்தே சம்மதம் வாங்குங்கள்.

மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றும் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சாதிச் சான்றிதழில் பெயரின் எழுத்து பிளஸ் டூ சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும். எனக்கு அதில்தான் இழுத்தது.